ஓவரி கட்டிக்கு 3டி ஸ்கேன்: ஆபரேஷனுக்கு முன்னாடி அது என்ன சொல்லும், என்ன சொல்லாது

3டி ஸ்கேன்னு சொன்னாலே நம்ம ஊர்ல எல்லாருக்கும் வயித்துப்பிள்ளை முகம்தான் ஞாபகத்துக்கு வரும். ஸ்கேன் சென்டர் போர்டுல இருந்து டாக்டர் ரூம் காலண்டர் வரைக்கும் அந்த ஆரஞ்சு கலர் குழந்தை முகம்தான். அதனால அம்பது வயசு தாண்டின ஒரு அம்மாவைப் படுக்க வச்சு பாத்துட்டு இருக்கும்போது "அம்மா, இந்தக் கட்டியை ஒருதடவை 3டில எடுத்துக்கிறேன், கொஞ்சம் மூச்சை அடக்கிக்கோங்க"ன்னு சொன்னா அவங்களுக்கு வெக்கம் வந்துடுது, "எனக்கு எதுக்கு தாயி அதெல்லாம், பேரன் பேத்தியே எடுத்தாச்சு"ன்னு சிரிக்கிறாங்க. கூட வந்த மக கேக்குறது வேற மாதிரி இருக்கும். "மேடம், 3டி எடுத்தா அது கேன்சரா இல்லையான்னு கரெக்டா தெரிஞ்சிடும்ல?"

இந்தக் கேள்விக்கு ஸ்கேன் ரூம்ல நின்னுக்கிட்டே பதில் சொல்ல முடியல. வெளிய பத்துப்பேர் தண்ணி குடிச்சிட்டு அடக்கிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அதனாலதான் இங்க உக்காந்து எழுதுறேன். நான் தென் மாவட்டத்துல ஒரு ஊர்ல சோனாலஜிஸ்டா, அதாவது ஸ்கேன் பாக்குற டாக்டரா வேலை பாக்குறேன், தினமும் கர்ப்பப்பை, ஓவரி, கல், குடல்வால்னு எல்லாம்தான் பாக்குறது, ஆனா மனசு முழுசா விழுறது இந்த ஓவரி கட்டி கேஸ்லதான். ஏன்னா இதுல ஸ்கேன் ரிப்போர்ட்ல எழுதுற நாலு வரி அந்தப் பொம்பளையோட அடுத்த பத்து வருஷத்தை மாத்திடும்.

ஏன் அப்படின்னு கேட்டா, மார்புல ஒரு கட்டின்னா ஊசி போட்டு கொஞ்சம் சதை எடுத்து பயாப்ஸி பாத்துட்டு அப்புறம் ஆபரேஷன் பத்தி பேசலாம். ஓவரி கட்டில அது பொதுவா செய்யறதில்ல. கட்டி ஓவரிக்குள்ளயே மூடிக்கிட்டு இருக்கும்போது அதுல ஊசியக் குத்தி, உள்ள இருக்குறது கேன்சரா இருந்து, அந்தத் தண்ணி வயித்துக்குள்ள சிந்திடுச்சுன்னா, ஸ்டேஜ் 1ஏ-ன்னு இருந்திருக்க வேண்டியது 1சி ஆயிடும். 2014ல ஃபீகோங்கிற சர்வதேச கைனக் டாக்டர்கள் அமைப்பு திருத்தின ஸ்டேஜிங்ல ஆபரேஷன்ல உடையறது, ஆபரேஷனுக்கு முன்னாடியே உடையறது, வயித்துத் தண்ணில கேன்சர் செல் இருக்குறதுன்னு 1சி-யையே மூணாப் பிரிச்சு வச்சிருக்காங்க, அந்த அளவுக்கு அது முக்கியம். (நோய் ஏற்கனவே வயிறு பூரா பரவிட்ட கேஸ் வேற, அங்க வயித்துத் தண்ணி எடுத்தோ, குடல் மேல இருக்குற ஓமெண்டம் கொழுப்புல இருந்து ஊசி பயாப்ஸி எடுத்தோ பாத்துட்டுத்தான் கீமோ ஆரம்பிப்பாங்க. நான் சொல்றது அப்படிப் பரவாத கட்டியைப் பத்தி.) அதனால வயித்தைத் திறக்குற வரைக்கும் நம்ம கையில இருக்குறது ஸ்கேன், ரத்த டெஸ்ட், அவங்க வயசு, அவங்க சொல்ற கதை, இவ்வளவுதான்.

இதை வச்சு என்ன முடிவு பண்றோம்னா, யாரு ஆபரேஷன் பண்ணணும், எந்த ஊர்ல பண்ணணும், எப்படித் திறக்கணும்ங்கிறது. சாதாரணக் கட்டின்னா பக்கத்துல இருக்குற கைனக் டாக்டரே லேப்ராஸ்கோப்பில கட்டியை மட்டும் உரிச்சு எடுத்துட்டு ஓவரியை விட்டுடலாம், ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம். கேன்சர்னு சந்தேகம்னா அது ஆன்கோ சர்ஜன், அதாவது கேன்சர் ஆபரேஷன் பண்ற டாக்டர் கையிலதான் போகணும், கட்டியை உடையாம முழுசா எடுத்து, வயித்தைக் கழுவின தண்ணியை டெஸ்டுக்கு அனுப்பி, ஓமெண்டத்தை எடுத்து, அங்கங்க சாம்பிள் எடுத்து, ஆபரேஷன் நடக்கும்போதே சதையை உறைய வச்சு உடனே கேன்சரான்னு சொல்ற ஃப்ரோசன் செக்ஷன் பாக்குற வசதி உள்ள இடமா இருக்கணும். முதல் ஆபரேஷன் அரைகுறையா முடிஞ்சா அந்தம்மாவுக்கு ரெண்டாவது தடவை வயித்தைத் திறக்க வேண்டி வரும். இதுக்கு நேர் எதிரா, இருபத்திரண்டு வயசுப் பொண்ணுக்கு கொழுப்பும் முடியும் இருக்குற சாதாரண டெர்மாய்டு கட்டியைப் பாத்து பயந்துபோயி ஓவரியையே எடுத்துட்டாலும் அதுவும் பெரிய அநியாயம்தான். ரெண்டு பக்கமும் நஷ்டம் இருக்கு. ஸ்கேன் பாக்குறவங்க அந்த ரெண்டுக்கும் நடுவுல நின்னுதான் எழுதணும்.

அல்ட்ராசவுண்டுங்கிறதே ஓவரி கட்டியோட சேந்தே பொறந்த விஷயம்னு பலபேருக்குத் தெரியாது. ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ நகரத்துல இயன் டொனால்டுன்னு ஒரு கைனக் பேராசிரியர், 1955ல, ரென்ஃப்ரூங்கிற ஊர்ல பாய்லர் செய்யற பாப்காக் அண்ட் வில்காக்ஸ் ஃபேக்டரிக்குப் போனாரு. அங்க இரும்புல விரிசல் இருக்கான்னு பாக்க ஒலி அலை மெஷின் வச்சிருந்தாங்க. இவரு ஆபரேஷன்ல எடுத்த ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைச் சதைக்கட்டி), ஓவரி கட்டி எல்லாத்தையும் கார் டிக்கில போட்டு எடுத்துட்டுப் போனாரு. அந்த ஃபேக்டரிக்காரங்க ஒப்பிட்டுப் பாக்க ஒரு பெரிய மாட்டுக்கறித் துண்டையும் வச்சிருந்தாங்க. தண்ணிக்கட்டிக்குள்ள ஒலி எதிரொலிக்காம நேரா அந்தப் பக்கம் போகுது, கெட்டியான ஃபைப்ராய்டுல அப்படிப் போகலன்னு அங்கதான் பாத்தாங்க. அப்புறம் டாம் பிரவுன்னு ஒரு இன்ஜினியரும் ஜான் மக்விகார்னு ஒரு டாக்டரும் கூடச் சேந்து 1958ல லான்செட் இதழ்ல அந்தக் கட்டுரை வந்துச்சு. அந்தக் காலத்துல ஒரு அம்மாவுக்கு இரைப்பைல கேன்சர், ஒண்ணும் பண்றதுக்கில்லன்னு முடிவு பண்ணிட்டாங்க, இவங்க மெஷினை வச்சுப் பாத்தா அது பெரிய ஓவரி நீர்க்கட்டி, எடுத்ததும் அவங்க பொழச்சுக்கிட்டாங்க. நாம இன்னிக்கும் அதே வேலையைத்தான் பாத்துட்டு இருக்கோம், வயித்துல இருக்குற இது எது, எடுத்தா பொழைப்பாங்களா.

3டி இதுக்கு ரொம்ப வருஷம் கழிச்சு வந்தது. ஜப்பான்ல கசுனோரி பாபாங்கிறவரு 1980கள்ல அதுக்கு அடி போட்டாரு, ஆஸ்திரியால ட்ஸிப்ஃப்ங்கிற சின்ன ஊர்ல இருந்த கிரெட்ஸ் கம்பெனி 1989ல காம்பிசான் 330னு விலைக்கு வாங்கற மாதிரி முதல் 3டி மெஷினைக் கொண்டுவந்துச்சு. இப்ப நம்ம ஊர்ல நிறைய இடத்துல இருக்குற வோலுசான் மெஷின் அந்த வம்சம்தான்.

சரி, 3டி எப்படி எடுக்குறோம். உடம்புல வச்சுப் பாக்குற கருவியான ப்ரோப்புக்குள்ளயே ஒரு சின்ன மோட்டார் இருக்கு, நான் கையை அசைக்காம வச்சிருக்க, உள்ள இருக்குற கிரிஸ்டல் வரிசை ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் விசிறி மாதிரி திரும்பும், அந்தச் சில செகண்டுல நூத்துக்கணக்கான படத்தை அடுக்கி ஒரே கனமா சேத்து வச்சிடும். அந்தக் கனத்துக்குப் பேரு வால்யூம். அதுக்கப்புறம் பேஷண்ட் எழுந்து போயிட்டாலும் அந்த வால்யூமை நான் எந்தக் கோணத்துல வேணும்னாலும் வெட்டிப் பாக்கலாம், நேரா, குறுக்கா, அப்புறம் சாதா ஸ்கேன்ல கிடைக்கவே கிடைக்காத மூணாவது வெட்டு, அதாவது ப்ரோப்புக்கு எதிர்ல சுவர் மாதிரி நிக்கிற தளம். பிறப்புறுப்பு வழியா உள்ள விட்டுப் பாக்குற டிவிஎஸ் ப்ரோப்புல எடுத்தா படம் ரொம்ப தெளிவா வரும், ஏன்னா ஓவரிக்குப் பக்கத்துலயே போயி நிக்குது. அதுக்கு மூத்திரப்பை காலியா இருக்கணும். வயித்து மேல வச்சுப் பாக்குறதுக்குத்தான் தண்ணி குடிச்சு அடக்கணும், இதை ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டு வர்றவங்க நிறைய.

ஆனா ஒண்ணு. சாதா 2டில படம் மங்கலா வந்தா 3டியும் மங்கலாத்தான் வரும். குடல் காத்து மறைச்சா அந்த மறைப்பும் சேந்தே வால்யூம்ல பதிஞ்சிடும். மெஷின் புதுசா எதையும் கண்டுபிடிச்சுத் தராது. அதனால முதல்ல கண்ணால 2டில ஒழுங்கா பாக்கத் தெரியணும், இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

2டில என்ன பாக்கணும்ங்கிறதுக்கு இப்ப ஒரு பொது மொழி இருக்கு. பெல்ஜியத்துல லூவன் நகரத்து டிர்க் டிம்மர்மன், ஸ்வீடன்ல மால்மோ நகரத்து லில் வாலன்டின், லண்டன்ல டாம் போர்ன், இவங்கெல்லாம் சேந்து 1999ல ஐயோட்டான்னு ஒரு குழு ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி ஒருத்தர் "காம்ப்ளக்ஸ் சிஸ்ட்"னு எழுதினா இன்னொருத்தருக்கு அது என்னன்னே புரியாது, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு அர்த்தத்துல எழுதுவாங்க. (எங்ககிட்ட வர்ற பழைய ரிப்போர்ட்ல இன்னிக்கும் அந்த வார்த்தை மட்டும் தனியா இருக்கும்போது எனக்கு வருத்தமா இருக்கும், அதை வச்சு சர்ஜன் என்ன முடிவு பண்ணுவாரு.) இவங்க 2000ல ஒவ்வொண்ணுக்கும் அளவு சொன்னாங்க. கட்டியோட உள்சுவர்ல இருந்து உள்பக்கமா 3 மில்லிமீட்டராவது எழும்பி நிக்கிற சதைதான் பாப்பில்லரி ப்ரொஜெக்ஷன், சுருக்கமா பாப்பிலா, அதுக்குக் கம்மின்னா கணக்குல இல்ல. ரத்த ஓட்டத்துக்கு 1ல இருந்து 4 வரைக்கும் மார்க். 2008ல இதுல இருந்தே சிம்பிள் ரூல்ஸ்னு பத்து அடையாளம் கொண்டுவந்தாங்க, அஞ்சு நல்ல கட்டிக்கு, அஞ்சு கெட்டதுக்கு. ஒரே அறை, 7 மில்லிமீட்டருக்குக் குறைவான சதை, பின்னாடி கருப்பா நிழல் விழுறது, 10 சென்டிமீட்டருக்குள்ள வழவழன்னு பல அறை, ரத்த ஓட்டமே இல்லாதது, இதெல்லாம் நல்லது பக்கம். கரடுமுரடான கெட்டிக் கட்டி, வயித்துல தண்ணி, நாலோ அதுக்கு மேலயோ பாப்பிலா, 10 சென்டிமீட்டர் தாண்டின கரடுமுரடான பல அறை கலந்த கெட்டிக் கட்டி, ரொம்ப அதிகமான ரத்த ஓட்டம், இதெல்லாம் கெட்டது பக்கம். ஒரு பக்கத்து அடையாளம் மட்டும் இருந்தா முடிவு சொல்லிடலாம், ரெண்டும் கலந்திருந்தா இல்ல ரெண்டுமே இல்லைன்னா இன்னும் அனுபவம் உள்ள கண்ணு பாக்கணும். நாலுல மூணு பேருக்கு இந்த ரூல்ஸே போதும்னு அவங்க கணக்கு.

அப்புறம் 2014ல அட்னெக்ஸ்னு ஒரு மாடல் வந்துச்சு, 10 நாடுகள்ல 24 ஆஸ்பத்திரில 5,909 பெண்களை வச்சு செஞ்சது. வயசு, சிஏ-125ங்கிற ரத்த டெஸ்ட், பாக்குற இடம் கேன்சர் சென்டரா இல்லையா, கூட ஸ்கேன்ல பாக்குற ஆறு விஷயம். இது கேன்சரா இல்லையான்னு மட்டும் சொல்லாம, பார்டர்லைனா (நல்ல கட்டிக்கும் கேன்சருக்கும் நடுவுல நிக்கிறது), ஸ்டேஜ் 1ஆ, அதுக்கு மேலயா, வேற உறுப்புல இருந்து பரவி வந்ததான்னு தனித்தனியா சதவீதம் தரும். இந்தக் கடைசி ஒண்ணு முக்கியம். ரெண்டு ஓவரிலயும் கெட்டியா கட்டி இருந்தா இரைப்பைல இருந்து வந்ததோன்னு எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பணும், அங்க நேரா ஓவரியை எடுத்துட்டு உக்காந்தா அர்த்தமே இல்ல. 2020ல அமெரிக்கால ரேடியாலஜி காலேஜ் ஓ-ராட்ஸ்னு 0ல இருந்து 5 வரைக்கும் ஒரு வகைப்பாடு கொண்டுவந்தாங்க, இப்ப நம்ம ஊர் ரிப்போர்ட்லயும் அது வர ஆரம்பிச்சிருக்கு. 2ன்னா 1 சதவீதத்துக்கும் கீழ ஆபத்து, 5ன்னா 50 சதவீதமோ அதுக்கு மேலயோ. ரிப்போர்ட்ல 3ன்னு பாத்துட்டு கேன்சர் மூணாவது ஸ்டேஜ்னு நெனச்சு அழுதுக்கிட்டே வந்த குடும்பத்தை நான் பாத்திருக்கேன். அந்த 3க்கும் ஸ்டேஜுக்கும் சம்பந்தமே இல்ல, அது ஆபத்து 10 சதவீதத்துக்குள்ளன்னு சொல்ற நம்பர்.

இதுல எதையாவது கவனிச்சீங்களா, இந்த ரூல்ஸ், மாடல், வகைப்பாடு எதுலயும் 3டி கட்டாயம் கிடையாது. எல்லாமே சாதா ஸ்கேன்ல பாக்க முடிஞ்ச விஷயங்கள்தான். அப்ப 3டி எதுக்குன்னு கேப்பீங்க.

எனக்கு அது உண்மையாவே கைகொடுக்கிற இடம்னா முதல்ல சொல்ல வேண்டியது குழாய். கர்ப்பப்பைக் குழாய் அடைச்சு தண்ணி கோத்துக்கிட்டு வீங்கி சுருண்டு கிடக்கும், ஹைட்ரோசால்பிங்ஸ்னு சொல்வோம். சுருண்டு கிடக்கிற ஒரு புடலங்காயைக் குறுக்கால ஒரே வெட்டா வெட்டினா மூணு நாலு வட்டம் தனித்தனியா தெரியுமே, 2டில அந்த மாதிரிதான் தெரியும், பாக்குறதுக்கு அசல் பல அறை உள்ள ஓவரி கட்டி. 3டி வால்யூம்ல தண்ணி இருக்குற இடத்தை மட்டும் கெட்டியா மாத்திக் காட்டுற இன்வர்ஷன் மோடுன்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டதும் மூணு வட்டமும் சேந்து ஒரே நீளக்குழாயா சுத்திக்கிட்டு நிக்கும். குழந்தை இல்லாம ட்ரீட்மெண்டுல இருந்த ஒரு பொண்ணு, வெளிய எடுத்த ரிப்போர்ட்ல மல்டிலாகுலர், அதாவது பல அறை உள்ள ஓவரி கட்டி, கேன்சர் இல்லைன்னு சொல்ல முடியாதுன்னு இருந்துச்சு, மாமியார் மாமனார்னு வீடே வந்து வெளிய நிக்குது. 3டில திருப்பிப் பாத்தப்ப அது குழாய், ஓவரி தனியா பக்கத்துல ஆரோக்கியமா இருந்துச்சு. அந்தப் படத்தை அவ புருஷனுக்கும் காட்டினேன், பாத்த உடனே அவருக்கே புரிஞ்சுது. இந்த மாதிரி இடத்துல 3டிக்கு ஈடு இல்ல.

அடுத்தது உள்சுவர். கட்டிக்குள்ள நின்னு சுவரைப் பாக்குற மாதிரி சர்ஃபேஸ் ரெண்டரிங் போட்டா பாப்பிலா ஒண்ணா, மூணா, ஆறான்னு எண்ணலாம், அடிப்பாகம் அகலமா, காம்பு மாதிரியான்னு பாக்கலாம். நாப்பது தாண்டின ஒரு அக்கா, ஊர்ப்பக்கம் ஆடு மாடு வச்சிருக்கவங்க, அடிவயிறு கனமா இருக்குன்னு வந்தாங்க, 2டில 8 சென்டிமீட்டர் ஒரே அறைக் கட்டி, ஒரே ஒரு இடத்துல சின்னதா ஒரு மேடு. வெளிய லேப்ராஸ்கோப்பிக்குத் தேதி கூட குறிச்சாச்சு. வால்யூம் எடுத்துச் சுவரைச் சுத்திச் சுத்திப் பாத்தா, பின் சுவர் மடிப்புக்குக் கீழ ஒரு வரிசையா பாப்பிலா, ஒவ்வொண்ணுலயும் ரத்த ஓட்டம். டாக்டர்கிட்ட போன்ல பேசினேன், அவங்களும் உடனே புரிஞ்சுக்கிட்டு கேன்சர் சென்டருக்கு எழுதிக் கொடுத்தாங்க. பார்டர்லைன் கட்டின்னு ரிப்போர்ட் வந்துச்சு, உடையாம எடுத்தாங்க, கீமோ தேவைப்படல.

ஆனா இதே இடத்துல 3டி ஏமாத்தவும் செய்யும். ரத்தம் உறைஞ்சு சுவர்ல ஒட்டிக்கிட்டு இருந்தா அதுவும் ரெண்டரிங்ல அச்சு அசல் பாப்பிலா மாதிரியே நிக்கும். அது உறைஞ்ச ரத்தமா சதையான்னு தெரியணும்னா நேர்ல நடந்துட்டு இருக்குற ஸ்கேன்லதான் தெரியும், ப்ரோப்பால மெதுவா ஒரு தட்டு தட்டினா ரத்தக்கட்டி தளதளன்னு ஆடும், சதை ஆடாது, ரத்த ஓட்டத்தைக் கலரா காட்டுற டாப்ளர் போட்டா ரத்தக்கட்டிக்குள்ள ஓட்டம் இருக்காது. சேத்து வச்ச வால்யூமைத் தட்ட முடியாதே. கட்டி பக்கத்து உறுப்போட ஒட்டியிருக்கா வழுக்கிக்கிட்டுப் போகுதா, தொட்டா அவங்களுக்கு வலிக்குதா, இதெல்லாம் கைக்கும் முகத்துக்கும்தான் தெரியும். மாதவிலக்கு நிக்காத வயசுன்னா பாதிக் குழப்பம் ரெண்டு மூணு மாசம் கழிச்சு மறுபடி பாத்தாலே தீந்துடும், ரத்தக்கட்டி கரைஞ்சு போயிருக்கும்.

இன்னொண்ணு கட்டியோட சைஸ். டிவிஎஸ் ப்ரோப்புல 10 சென்டிமீட்டர் தாண்டின கட்டி ஒரே வால்யூமுக்குள்ள அடங்காது. எங்க பக்கம் பலபேர் வயிறு முன்னாடி தள்ளின பிறகுதான் வர்றாங்க, அதுவரைக்கும் வாயுத் தொல்லைன்னு நெனச்சு ஓமத்தண்ணியும் சீரகத்தண்ணியும் குடிச்சுட்டு இருப்பாங்க. அவங்களுக்கு வயித்து மேல ப்ரோப் வச்சு பொறுமையா முழுசும் தடவிப் பாக்குறதும், ஓமெண்டம், ஈரல் மேல்பக்கம், குடல் மடிப்பு வரைக்கும் பாத்துட்டு சிடி ஸ்கேனுக்கு அனுப்புறதும்தான் வழி. பரவியிருக்கான்னு பாக்குறது 3டியோட வேலை கிடையாது. கெட்டியா இருக்கு, ஆனா எதுன்னே புரியலைங்கிற கேஸுக்கு எம்ஆர்ஐ இருக்கு.

இப்ப ரத்த ஓட்டம். 3டியைப் பத்திப் பெருசா ஆசை வச்சது இங்கதான். பவர் டாப்ளரோட வால்யூம் எடுத்து, வோக்கல்ங்கிற சாஃப்ட்வேர்ல கட்டியோட ஓரத்தை 15 டிகிரியோ 30 டிகிரியோ சுத்திச் சுத்தி வரைஞ்சா, மெஷின் மூணு நம்பர் தரும். மொத்த கட்டில எத்தனை சதவீதம் கலர் இருக்குங்கிறது விஐ, கலர் இருக்குற இடத்துல எவ்வளவு அழுத்தமா இருக்குங்கிறது எஃப்ஐ, ரெண்டும் சேந்தது விஎஃப்ஐ. கேன்சர் கட்டி தனக்குன்னு புதுசா கன்னாபின்னான்னு ரத்தக்குழாய் போட்டுக்கும், அதனால நம்பர் கூடும், ஒரு கட்-ஆஃப் வச்சிட்டா யாரு வேணா கேன்சரைக் கண்டுபிடிச்சிடலாம்னு தோணும்ல. ஸ்பெயின்ல பாம்ப்ளோனா நகரத்து ஹுவான் லூயிஸ் அல்கசார் இதுல நிறைய உழைச்சாரு, மொத்த கட்டியையும் அளக்காம சந்தேகமா இருக்குற பாப்பிலாவையோ கெட்டிச் சதையையோ மட்டும் அளந்தா இன்னும் நல்லா பிரியும்னு 2005ல காட்டினாரு. ஆனா மால்மோவுல யோகுப்கியேனே, ஸ்லட்கேவிசியஸ், வாலன்டின் மூணுபேரும் ஆபரேஷனுக்குக் காத்திருந்த நூத்துச்சொச்சம் பெண்களை வச்சு, மொத்த கட்டியையும் அளந்து, அதுல ரத்த ஓட்டம் அதிகமா இருக்குற 5 கன சென்டிமீட்டரையும் தனியா அளந்து 2007ல எழுதினது என்னன்னா, நம்பர் வித்தியாசப்படத்தான் செய்யுது, ஆனா சாதா கறுப்பு வெள்ளைப் படத்தை ஒழுங்கா பாத்தவங்களுக்கு இது புதுசா சேத்துக் கொடுக்கிறது ரொம்பக் கம்மி. ரத்தக்குழாய் மரம் மாதிரி கிளை விடுறதைப் பாத்த அவங்களோட இன்னொரு ஆய்வும் அதையேதான் சொல்லுச்சு.

வேலை பாக்குறவங்களுக்கு இதுல ஆச்சரியமில்ல. மெஷின்ல சிக்னலைக் கூட்டிக் குறைக்கிற கெயினைக் கொஞ்சம் கூட்டினா நம்பர் கூடும், கட்டி ஆழத்துல இருந்தா குறையும், மெஷின் மாறினா மாறும், பேஷண்ட் மூச்சை விட்டா, பக்கத்துல குடல் புரண்டா கலர் அள்ளித் தெளிச்ச மாதிரி வந்துடும். சீழ் கோத்த ஓவரில ரத்த ஓட்டம் கொப்பளிக்கும், முட்டை வெடிச்ச கார்ப்பஸ் லூட்டியத்தைச் சுத்தி வளையம் போட்டு ஓடும், ரெண்டுமே கேன்சர் இல்ல. அதனால ரிப்போர்ட்ல விஎஃப்ஐ இவ்வளவுன்னு ஒரு நம்பர் மட்டும் போட்டு கேன்சர்னு முடிச்சிருந்தா அதை நம்பி வயித்தைத் திறக்காதீங்க. சதைக்குள்ள ஓட்டம் இருக்கா, எத்தனை மார்க், அது போதும்.

நம்பரைப் பத்திப் பேசும்போது சிஏ-125ஐயும் சொல்லியே ஆகணும். 35க்கு மேலன்னா உடனே கேன்சர்னு கூகுள்ல பாத்துட்டு வந்துடறாங்க. எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு, கர்ப்பம், மாதவிலக்கு நாள்னு எதுல வேணும்னாலும் அது ஏறும். நம்ம நாட்டுல முக்கியமா வயித்து டிபி. இருபது சொச்சம் வயசு, வயித்துல தண்ணி, ஓவரி பக்கம் ஏதோ கட்டி மாதிரி, சிஏ-125 ஐநூறு, ஆள் வேற இளைச்சுப்போயி இருப்பாங்க. அசல் அட்வான்ஸ் கேன்சர் படம். தண்ணிக்குள்ள மெல்லிசா வலை பின்னின மாதிரி இழைகள் ஓடுதா, அது கட்டியா இல்ல தண்ணி தேங்கி ஒட்டிக்கிட்ட பையான்னு வால்யூம்ல வெட்டிப் பாக்கும்போது, சுவரே இல்லாம ஓவரியைச் சுத்தி தண்ணி அடைபட்டுக் கிடக்கிறது தெரியும். அதை வச்சு டிபின்னு நான் எழுத முடியாது, ஆனா வயித்தைக் கிழிக்கிறதுக்கு முன்னாடி டிபியையும் பாத்துடுங்கன்னு எழுதலாம். ஆறு மாச மாத்திரைல குணமாகிற நோய்க்கு கர்ப்பப்பையையும் ஓவரியையும் எடுத்துட்டா அந்தப் பொண்ணு யார்கிட்ட போயி கேப்பா?

கல்யாணம் ஆகாத பொண்ணுங்க விஷயம் தனி. டிவிஎஸ் பண்ண மாட்டோம், பண்ணச் சொல்லவும் கூடாது. நல்லா தண்ணி குடிக்க வச்சு வயித்து மேல பாக்கணும், தெளிவா இல்லைன்னா அவங்களும் வீட்ல உள்ளவங்களும் சம்மதிச்சா ஆசனவாய் வழியா பாக்கலாம், இல்லைன்னா எம்ஆர்ஐ. இந்த வயசுல கெட்டிக் கட்டின்னா முட்டை உண்டாகற செல்லுல இருந்து வர்ற ஜெர்ம் செல் கட்டியோன்னு நெனைக்கணும், சிஏ-125ஐ விட ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச்ங்கிற ரத்த டெஸ்டுங்க பாக்குறது முக்கியம். கீமோக்கு அருமையா கேக்குற கட்டி இது, பெரும்பாலும் ஒரு பக்க ஓவரியையும் கர்ப்பப்பையையும் விட்டுட்டே வைத்தியம் பண்ணலாம். அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட முதல்ல இதைச் சொல்லுங்க டாக்டர்களே, அவங்க பயப்படுறது அதைத்தான்.

"அப்ப வருஷா வருஷம் ஒரு 3டி எடுத்து வச்சுக்கலாமா"ன்னும் கேக்குறாங்க. வேணாம். இங்கிலாந்துல மாதவிலக்கு நின்ன ரெண்டு லட்சத்துக்கும் மேல பெண்களை வருஷக்கணக்கா ரத்த டெஸ்டும் ஸ்கேனும் வச்சுப் பாத்து 2021ல முடிவு சொன்னாங்க, அதனால ஓவரி கேன்சர் சாவு குறையல. தொந்தரவு இருக்குறவங்களுக்கு, வயிறு உப்புசம் வாரக்கணக்கா போகாம இருக்குறவங்களுக்கு, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறையறவங்களுக்கு, அடிக்கடி ஒண்ணுக்கு போறவங்களுக்கு, அதுவும் மாதவிலக்கு நின்னவங்கன்னா, ஸ்கேன் உடனே எடுக்கணும். குடும்பத்துல அம்மா, அக்கான்னு மார்பு கேன்சரோ ஓவரி கேன்சரோ இருந்தா ஜீன் டெஸ்ட் பத்திக் கேளுங்க, அது வேற பாதை.

இனி 3டில எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறதுக்கு வர்றேன். வால்யூமைச் சேத்து வைக்கலாம், அனுப்பலாம். ரொம்ப வருஷமா வந்த ஆய்வெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னது, நல்ல அனுபவம் உள்ள கண்ணை இந்த மாதிரி ரூல்ஸும் மாடலும் தாண்டலைங்கிறது. அந்த அனுபவக் கண்ணு எங்க இருக்கு? சென்னைல, கோயம்புத்தூர்ல, மதுரைல இருக்கு, பரமக்குடிலயும் சங்கரன்கோவில்லயும் அத்தனை பேர் இல்ல. பேஷண்டை பஸ் ஏத்தி அனுப்புறதுக்கு முன்னாடி அவங்க கட்டியோட வால்யூமை பேரு அடையாளம் எல்லாம் எடுத்துட்டு அனுப்பினா, அங்க இருக்குற சீனியர் தன்னோட கம்ப்யூட்டர்ல தானே திருப்பித் திருப்பி வெட்டிப் பாத்துட்டு இது நல்லது, அங்கயே எடுங்க, இல்ல இது இங்க அனுப்புங்கன்னு சொல்லலாம். ரெண்டு மூணு படத்தை வாட்ஸப்புல அனுப்பினா அவங்க பாக்குறது நான் தேர்ந்தெடுத்த வெட்டை மட்டும்தான், நான் பாக்காம விட்ட பின் சுவர் அவங்களுக்கும் தெரியாது. வால்யூம்ல அது இருக்கும். ஒருத்தர் எடுத்து வச்சதை வேற ஆள் பாத்தாலும் முடிவு பெரும்பாலும் ஒத்துப்போகுதுன்னு அல்கசார் குழுவே பாத்திருக்காங்க. ஒரு கட்டிக்கு வால்யூம் எடுத்து வைக்கிறதுக்கு ஆகுற நேரம் ரொம்பக் கொஞ்சம், அதனால சந்தேகம் உள்ள ஒவ்வொரு கேஸுக்கும் நான் வச்சிடறேன்.

அதனால உங்க வீட்ல யாருக்காவது ஓவரி கட்டின்னு சொல்லி, 3டி மெஷின் உள்ள இடத்துலயே ஸ்கேன் எடுத்திருந்தா, கலர் பிரிண்ட் மட்டும் வாங்கிட்டு வராதீங்க. கட்டியோட மூணு அளவு, எத்தனை அறை, கெட்டிச் சதை எவ்வளவு பெருசு, பாப்பிலா எத்தனை, ரத்த ஓட்டம் எத்தனை மார்க், நிழல் இருக்கா, வயித்துல தண்ணி இருக்கா, கட்டி இல்லாத மறுபக்க ஓவரி எப்படி இருக்கு, இதெல்லாம் ரிப்போர்ட்ல இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா மரியாதையா கேளுங்க, எழுதித் தருவாங்க. அப்புறம் வால்யூமை சிடிலயோ பென் டிரைவ்லயோ கேட்டு வாங்கிக்கோங்க, வெறும் படமா இல்லாம வால்யூம் ஃபைலாவே வேணும்னு சொல்லிக் கேளுங்க. மெஷின்ல ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் நிறைஞ்சிடும், பழைய வால்யூமெல்லாம் அழிச்சுட்டுத்தான் புதுசுக்கு இடம் பண்ணுவாங்க, ரெண்டு மாசம் கழிச்சுப் போயி கேட்டா இருக்காது, அதனால ஸ்கேன் எடுத்த அன்னிக்கே கேட்டு வாங்கிடுங்க.